எண்ணெயை நிறுத்தியும் பிரஷர் இறங்கவில்லையே!

கேள்வி: என் கணவருக்கு வயது 54. பாடி பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. தீபாவளி சமயத்தில் பார்த்தபோது பிரஷர் 156/96 இருந்தது. டாக்டர் டெல்மிசார்டன் 40 மாத்திரை எழுதிக் கொடுத்து, “எண்ணெய், நெய்யைக் குறைங்க, எடையைக் குறைங்க” என்றார். அன்றிலிருந்து அவர் சாப்பாட்டில் ஒரு சொட்டு எண்ணெய் சேர்ப்பதில்லை. தாளிப்பு கிடையாது. பொரியல் எல்லாம் தண்ணீர் தெளித்து வேகவைத்ததுதான். அப்பளத்தைக்கூட அடுப்பில் சுட்டுத் தருகிறேன். வாய்க்கு ருசியாக இல்லை என்று முணுமுணுப்பதால் எண்ணெய் சேர்க்காத உப்பு எலுமிச்சை ஊறுகாய் வைக்கிறேன். மாலையில் பஜ்ஜியை விட்டுவிட்டு ரஸ்க், சால்ட் பிஸ்கட் சாப்பிடுகிறார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 146/90. எடை அதே 82 கிலோ. நல்லெண்ணெயை நிறுத்தியதுதான் தப்பு என்கிறார் மாமியார். செக்குத் தேங்காய் எண்ணெய்க்கு மாறினால் பிரஷரே வராது என்கிறார் கொழுந்தனார். கொழுப்புக்கும் பிரஷருக்கும் உண்மையில் சம்பந்தம் உண்டா, இல்லையா? எந்த எண்ணெயில் சமைப்பது?
— பெயர் வேண்டாம், பெரம்பூர்.

பதில்: சம்பந்தம் உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் இல்லை, நீங்கள் எதிர்பார்க்கிற வேகத்திலும் இல்லை. உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அந்தச் சுட்ட அப்பளம்தான். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அப்பளத்தைப் பொரிக்காமல் சுட்டால் எண்ணெய் மிச்சம். சரி. ஆனால் அப்பளத்தில் பிரஷருக்கு நேரடியாக ஆகாதது எண்ணெய் இல்லை. மாவில் பிசைந்த உப்பும், அதோடு சேர்த்த அப்பளக்காரமும்தான். இரண்டிலும் இருப்பது சோடியம். சுட்டாலும் அது எங்கேயும் போகாது. எலுமிச்சை ஊறுகாயும் அப்படியே. எண்ணெய் இல்லை என்பதால் அதை நல்லது என்று வைக்கிறீர்கள், ஆனால் அது கெடாமல் இருப்பதே உப்பால்தான். சால்ட் பிஸ்கட்டுக்கு விளக்கமே வேண்டாம், பெயரிலேயே இருக்கிறது. எண்ணெயை வாசல் வழியாக வெளியே அனுப்பிவிட்டு, உப்பைக் கொல்லை வழியாக உள்ளே விட்டிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. என்னிடம் வருகிற வீடுகளில் இது சர்வ சாதாரணம். ருசி போன சாப்பாட்டை உள்ளே தள்ள எதையாவது தொட்டுக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. தொட்டுக்கொள்ள நம்மிடம் இருப்பதெல்லாம் உப்புப் பண்டம்.

உப்பு வேலை செய்கிற விதம் நேரடியானது. சோடியம் கூடினால் உடம்பு கூடுதலாகத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தக் குழாய்க்குள் ஓடும் அளவு கூடும், அழுத்தம் ஏறும். உப்பைக் குறைத்தால் சில வாரங்களிலேயே மிஷினில் வித்தியாசம் தெரிகிறவர்கள் நிறையப் பேர். கொழுப்பு அப்படி இல்லை. இன்று வடை சாப்பிட்டால் நாளைக் காலை பிரஷர் ஏறும் என்று கணக்குப் போட முடியாது. கொழுப்பு சுற்றி வளைத்துத்தான் வரும். முதல் வழி, எடை. ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி இருக்கிறது. அரிசியிலும் பருப்பிலும் இருக்கிற மாவுச்சத்து, புரதத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மிஞ்சுகிற கலோரி வயிற்றைச் சுற்றிச் சேரும். அந்தத் தொப்பைக் கொழுப்பு சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. சிறுநீரகத்தை அழுத்துகிறது, உப்பை வெளியே தள்ளவிடாமல் தடுக்கும் ஹார்மோன்களைத் தூண்டுகிறது, ரத்தக் குழாயை இறுக்கும் நரம்புகளை முடுக்குகிறது. தொப்பை உள்ளவர்களுக்குக் குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் வந்தால் அதுவே தனியாகப் பிரஷரை ஏற்றும். உங்கள் வீட்டுக்காரர் குறட்டை விடுகிறாரா, இடையில் மூச்சு நின்று திணறுகிறாரா, பகலில் தூங்கி வழிகிறாரா என்று கவனியுங்கள். ஷிப்ட் வேலைக்காரர்களிடம் பகல் தூக்கத்துக்கு வேலையைக் காரணம் சொல்லி இதைக் கோட்டை விடுவது அதிகம்.

இரண்டாவது வழி, ரத்தக் குழாயின் சுவர். நிறைகொழுப்பும் (நெய், தேங்காய் எண்ணெய், பாமாயிலில் அதிகம் இருப்பது) டிரான்ஸ் கொழுப்பும் (வனஸ்பதியிலும் அதில் செய்த பேக்கரிப் பண்டங்களிலும் இருப்பது) எல்டிஎல் என்னும் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். அது வருடக்கணக்கில் சுவரில் படிந்து குழாயின் நெகிழ்வைக் கெடுக்கும். உங்கள் டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னதற்கு இதுவும் முக்கியக் காரணமாக இருக்கும். பிரஷர் உள்ளவருக்கு மாரடைப்பு, பக்கவாத அபாயம் ஏற்கெனவே கூடுதல். அதன் மேல் கொலஸ்ட்ராலும் ஏறக் கூடாது. ஆக, டாக்டர் சொன்னது சரி. ஆனால் அவர் சொன்னது ‘குறைங்க’. ‘நிறுத்துங்க’ என்று சொல்லவில்லை.

இந்த விஷயத்தில் ஒரு பழைய ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். 1997-இல் அமெரிக்காவில் வெளியான டேஷ் ஆய்வு. 459 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, சாப்பாட்டை ஆய்வாளர்களே சமைத்துக் கொடுத்து, 8 வாரம் பார்த்தார்கள். மூன்று குழுவுக்கும் உப்பு ஒரே அளவு, எடையும் மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். முதல் குழுவுக்கு வழக்கமான அமெரிக்கச் சாப்பாடு. இரண்டாவது குழுவுக்குக் கொழுப்பு கிட்டத்தட்ட அதே அளவு, ஆனால் காய், பழம் நிறைய. மூன்றாவது குழுவுக்குக் காய், பழத்தோடு கொழுப்பு நீக்கிய பால், தயிர், குறைந்த நிறைகொழுப்பு. கொழுப்பைத் தொடாமல் காய், பழத்தை மட்டும் கூட்டிய குழுவிலேயே மேல் அளவு (156/96 என்பதில் முதல் எண்) கிட்டத்தட்ட 3 புள்ளி இறங்கியது. மூன்றாவது குழுவில் 5.5, அதிலும் ஏற்கெனவே பிரஷர் இருந்தவர்களுக்கு 11-க்கு மேல். அப்படியானால் கொழுப்பைக் குறைத்ததுதான் அந்தக் கூடுதல் இறக்கத்துக்குக் காரணமா? 2016-இல் அதே உணவுமுறையைக் கொழுப்பு நீக்காத பால், தயிரோடு கொடுத்துப் பார்த்தார்கள். பிரஷர் அப்போதும் அதே அளவு இறங்கியது. 2005-இல் வந்த இன்னொரு ஆய்வில், மாவுச்சத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நல்ல வகைக் கொழுப்பையோ புரதத்தையோ வைத்தபோது பிரஷர் இன்னும் கொஞ்சம் குறைந்தது.

இதைப் படித்துவிட்டு உங்கள் சமையலறைக்கு வருவோம். நீங்கள் எண்ணெயை எடுத்தீர்கள். அந்த இடத்தில் என்ன வந்தது? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ரஸ்க், பிஸ்கட், ஊறுகாய். சோறும் ஒரு கரண்டி கூடியிருக்கும் என்பது என் ஊகம், எண்ணெய் இல்லாத சாப்பாடு சீக்கிரம் பசிக்கும். ரஸ்க்கில் மைதாவும் சர்க்கரையும், போதாக்குறைக்குப் பெரும்பாலும் பாமாயிலோ வனஸ்பதியோ இருக்கும். பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எடை ஏன் 82-லேயே நிற்கிறது என்பதற்கு இதற்கு மேல் விடை தேட வேண்டாம்.

எடையைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு கிலோ குறைந்தால் பிரஷர் சராசரியாக ஒரு புள்ளி இறங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 5 கிலோ குறைத்தால் 5 புள்ளி. சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் மாத்திரையின் டோஸைக் கூட்டுவதா வேண்டாமா என்பதை அந்த 5 புள்ளி தீர்மானிக்கக் கூடும். இடுப்புச் சுற்றளவையும் தொப்புள் மட்டத்தில் அளந்து எழுதி வையுங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

எண்ணெயைத் திரும்பக் கொண்டுவாருங்கள், அளந்து. ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று நான் சொல்வது வழக்கம். நாலு பேர் வீட்டுக்கு 2 லிட்டர், எல்லா எண்ணெயும் நெய்யும் சேர்த்து. நாள் கணக்கில் ஒருவருக்கு மூன்று டீஸ்பூன் சொச்சம். மாதம் 5 லிட்டர் கேன் ஒன்றைக் காலி செய்த வீடு 2 லிட்டருக்கு வந்தால், தலைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி தானாகக் குறையும். கேனிலிருந்து சட்டியில் நேராகச் சரிக்கும் பழக்கத்தை விட்டு, மாதத்துக்கான எண்ணெயைத் தனிப் பாட்டிலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 20-ஆம் தேதி பாட்டில் காலி என்றால் தோசைக் கல் பக்கம்தான் விசாரிக்க வேண்டும்.

தாளிப்பையும் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? பிரஷருக்காகத்தான் சொல்கிறேன். அவரைக்காயை ஆவியில் முக்கால் வேக்காடு எடுத்துக்கொள்ளுங்கள், உப்புப் போடாமல். சட்டியில் இரண்டு பேருக்கு ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு வெடித்ததும் உளுத்தம்பருப்பு, தட்டிய பூண்டு நாலு பல், கறிவேப்பிலை, கிள்ளிய மிளகாய். வாசனை ஏறியதும் காயைப் போட்டுப் பிரட்டி, அடுப்பை அணைத்த பிறகு வழக்கத்தில் பாதி உப்பைத் தூவுங்கள். அரை மூடி எலுமிச்சை, கொஞ்சம் மிளகுத்தூள். கடைசியில் தூவிய உப்பு காயின் மேலேயே இருக்கும், நாக்குக்கு முதலில் அதுதான் படும். அதனால் பாதி உப்பு முழு உப்பு மாதிரி தெரியும். ஊறுகாய் தேவைப்படாது. காயிலும் கீரையிலும் இருக்கிற சில வைட்டமின்கள் உடம்பில் சேர்வதற்கே கொஞ்சம் எண்ணெய் வேண்டும்.

இனி உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து. மாமியார் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு 45 நாள் நல்லெண்ணெயை மட்டும் சமையலுக்குக் கொடுத்துப் பார்த்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். பிரஷர் இறங்கியது. நல்லெண்ணெயை நிறுத்தியதும் திரும்ப ஏறியது. ஆனால் அது சின்ன ஆய்வு. நல்லெண்ணெய் சாப்பிட்ட காலத்தில் அவர்கள் எடையும் குறைந்திருந்தது, அதனால் எது எதற்குக் காரணம் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். நல்லெண்ணெயை மருந்து என்று நினைக்க வேண்டாம், சமையல் எண்ணெயாகத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ‘தாராளமாக’ என்றது உரிமையைத்தான், அளவை இல்லை.

கொழுந்தனார் விஷயத்தில் என்னால் சமாதானம் சொல்ல முடியவில்லை. தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைகொழுப்பு. செக்கில் ஆட்டினாலும் அது மாறாது. பிரஷரைக் குறைக்கும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை, எல்டிஎல்லை ஏற்றும் என்பதற்கு இருக்கிறது. அவியலுக்கு மேலே ஒரு டீஸ்பூன் விடுவது வேறு, தினமும் அதிலேயே சமைப்பது வேறு. செக்கு எண்ணெய் என்றாலே கலோரி இல்லை என்ற மாதிரி ஒரு எண்ணம் சென்னையில் இப்போது பரவியிருக்கிறது. மணம் நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. கலோரி அதே 9 தான்.

கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் நிறைகொழுப்பு ஐந்தில் ஒரு பங்கோ அதற்குக் குறைவோதான். சூரியகாந்தியில் இன்னும் குறைவு. இவற்றில் இரண்டை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ரேஷனில் கிடைக்கும் பாமாயிலில் பாதி நிறைகொழுப்பு. வாங்க வேண்டாம் என்று என் நாக்கு எளிதில் சொல்லாது, 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் கிடைப்பது பல வீடுகளுக்குப் பெரிய உதவி. பண்டிகைப் பலகாரத்துக்கு அதை ஒதுக்கிவிட்டு, அன்றாடச் சமையலுக்கு மற்றதை அளவாக வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. நெய்? பருப்புச் சாதத்துக்கு அரை டீஸ்பூன், வாரத்தில் இரண்டு மூன்று நாள். மாத அரை லிட்டர் கணக்குக்குள்.

பஜ்ஜியை விட்டது நல்ல காரியம், அதில் மாற்றமில்லை. கடை எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்கிற எண்ணெய். காய்ந்து காய்ந்து எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருட்களை அளக்க ஒரு அளவுகோல் உண்டு, அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்பது நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. டீக்கடைச் சட்டியை யார் தினமும் அளக்கிறார்கள் என்பது வேறு கதை. வீட்டுச் சமையலறைகளிலிருந்து எண்ணெய் மாதிரி எடுத்துப் பார்த்த ஸ்பெயின் ஆய்வு ஒன்றில், 2003-இல், கெட்டுப்போன எண்ணெய் புழங்கிய வீடுகளில் பிரஷர்காரர்கள் கூடுதலாக இருந்தார்கள். ஆகவே வீட்டிலும் பூரி பொரித்த எண்ணெயை வடிகட்டி வைத்து வாரக்கணக்கில் ஓட்ட வேண்டாம். டிரான்ஸ் கொழுப்புக்கு இந்தியாவில் 2022 ஜனவரி முதல் 2 சதவீத உச்சவரம்பு இருக்கிறது, முன்பைவிட நிலைமை தேவலை. அதற்காக பஃப்ஸை மன்னித்துவிட முடியாது. மாலைக்கு ரஸ்க் இடத்தில் உப்பில்லாமல் வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, அல்லது தேங்காய், மாங்காய் போட்ட சுண்டல், அல்லது கொய்யா. வேர்க்கடலையில் கொழுப்பு இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், நான் மேலே சொன்ன நல்ல வகைக் கொழுப்பு அதுதான்.

மீன் சாப்பிடுகிற வீடு என்றால் மத்தி, கானாங்கெளுத்தி இரண்டையும் வாரம் இரண்டு முறை குழம்பாக வையுங்கள். வஞ்சிரத்துக்குக் கொடுக்கிற காசில் மூன்று நாள் வாங்கலாம். அந்த மீன் கொழுப்பு பிரஷரைச் சில புள்ளிகள் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வுகளில் கொடுத்தது பெரிய டோஸ், நாளைக்கு 3 கிராம் அளவில். குழம்பிலிருந்து அவ்வளவு வராது, இதயத்துக்கு நல்லது என்று நினைத்துச் சாப்பிடுங்கள். மீன் எண்ணெய் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். கருவாடு வேறு ஜாதி, அது உப்புக் கணக்கில் வரும்.

உப்புக் கணக்கு இதோ. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். நாலு பேருக்கு 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும், வெளிச் சாப்பாடும் பிஸ்கட்டும் தவிர்த்தால். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று பாக்கெட் மேலேயே தேதி எழுதிப் பாருங்கள். கல்லுப்பு, இந்துப்பு என்று மாற்றிப் பயனில்லை, இரண்டும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான்.

ஒரு எச்சரிக்கை. கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதை உங்கள் வீட்டுக்காரருக்கு நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்டன் உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய மாத்திரை. சிறுநீரகத்தில் கோளாறும் இருந்துவிட்டால் இரண்டும் சேர்ந்து இதயத் துடிப்பையே குழப்பும். கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), பொட்டாசியம் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் சரி என்றால் பயன்படுத்தலாம். தினமும் இளநீர் குடிப்பதற்கும் இதே விதி.

சாப்பாட்டுக்கு வெளியே இரண்டு கேள்வி. மூட்டு வலி, முதுகு வலி என்று டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிச் சாப்பிடுகிறாரா? அவை பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். வாயுத் தொல்லைக்கு நுரைக்க நுரைக்கக் கலக்கிக் குடிக்கும் பொடி பழக்கமா? அதிலும் சோடியம் கணிசமாக இருக்கிறது. நைட் ஷிப்ட் நாட்களில் மாத்திரை தவறுகிறதா என்பதையும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். கோபித்துக்கொண்டு கேட்டால் உண்மை வராது.

146/90 என்பது ஒரே ஒரு தடவை பார்த்ததா? மாடிப்படி ஏறி வந்த கையோடு பார்த்தால் யாருக்கும் ஏறித்தான் இருக்கும். முழங்கைக்கு மேலே கட்டுகிற மிஷின் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். அரை மணி நேரத்துக்கு முன்னால் காபி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் மேஜை மேல் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. காலையில் மாத்திரைக்கு முன், இரவில் ஒரு முறை, ஒரு வாரம். வீட்டில் சராசரி 135/85-க்குக் கீழே வர வேண்டும். எப்போதாவது 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி ஏதாவது இருந்தால் நோட்டில் எழுதிக்கொண்டு உட்காராமல் 108-ஐ அழையுங்கள்.

உப்பைக் குறைத்து ஒரு மாதம் ஆன பிறகு அந்த ஒரு வார அளவுகளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அதுவரை மாத்திரையில் கை வைக்க வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம், இரட்டிப்பாக்கவும் வேண்டாம். எத்தனை வலி மாத்திரை, என்ன பொடி என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கொலஸ்ட்ரால், சர்க்கரை, கிரியாட்டினின், பொட்டாசியம் நான்கையும் வெறும் வயிற்றில் பார்த்து ரிப்போர்ட்டோடு போனால் டோஸைக் கூட்டுவதா, இரண்டாவது மாத்திரை சேர்ப்பதா என்று அவர் அன்றைக்கே முடிவெடுக்க முடியும்.